உண்ண மறுக்கும் நியூட்

கண்ணாடித் தொட்டி ஒன்றில் விரல் நீளமே உள்ள ஒரு சிறு பிராணி. முதுகு கறுப்பு, வயிறு நெருப்பு நிறம். அதன் மூக்குக்கு நேராக ஒரு மண்புழுத் துண்டை விடுகிறீர்கள். அது அசையவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் புழு அழுகித் தொட்டி நீர் கலங்கிவிடுகிறது. பத்து நாள் ஆன பின்னும் அது வாய் திறக்கவில்லை. அப்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதன் வயிற்றில் என்ன கோளாறு?"

நியூட் என்னும் இப்பிராணியை வளர்ப்போர் அனைவரும் என்றாவது ஒருநாள் கேட்கும் கேள்வி இது. ஆனால் அதற்கான விடை ஒரே இடத்தில், ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. இத்தாலிய நாட்டுப் பாதிரியார் ஒருவர், செக் நாட்டு மருத்துவர் ஒருவர், காது கேளாத ஜெர்மானியர் ஒருவர், நோபெல் பரிசு பெற்ற அமெரிக்கர் ஒருவர் எனப் பலர் சிறிது சிறிதாகச் சேர்த்த விடை அது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

நியூட் என்பது யாது?

தவளை, தேரை ஆகியவற்றைப் போலவே நியூட்டும் நீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்வி. ஆனால் தவளைக்கு இல்லாத நீண்ட வால் இதற்கு உண்டு. முதன்முதலாகக் காண்பவர் இதைப் பல்லி என்றே எண்ணுவர். பல்லிக்குச் செதில் உண்டு. நியூட்டுக்கு ஈரமான மென்தோல்தான். சலமாண்டர் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இது. தென்னிந்தியாவில் நியூட்டும் இல்லை, சலமாண்டரும் இல்லை. நம் நாட்டில் டார்ஜிலிங் மலைப்பகுதி போன்ற இடங்களில் இதைக் காணலாம். ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா, ஜப்பான் ஆகிய குளிர்ந்த நாடுகளின் குளங்களும் ஓடைகளுமே இதன் தாயகம்.

இது குளிர் இரத்தப் பிராணி. அதாவது தன் உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாதது. சுற்றியுள்ள நீர் எவ்வளவு வெப்பமோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் உடலும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

பாதிரியாரின் அக்குளும் நியூட்டின் இரைப்பையும்

லாசரோ ஸ்பல்லன்சானி இத்தாலிய நாட்டுப் பாதிரியார், தலைசிறந்த ஆராய்ச்சியாளர். 1768ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூல் ஐரோப்பிய அறிஞர் உலகையே வியப்பில் ஆழ்த்தியது. நியூட்டின் காலையோ வாலையோ வெட்டினால் அது மீண்டும் முளைக்கிறது என்பதே அந்நூல் சொன்ன செய்தி. எலும்பும் தசையும் நரம்பும் கொண்ட முழுக் கால்!

அதே ஸ்பல்லன்சானி அடுத்து எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளுள் ஒன்று செரிமானம். இரைப்பையில் உணவு என்ன ஆகிறது? அரைக்கப்படுகிறது என்றனர் சிலர். புளிக்கிறது என்றனர் வேறு சிலர். அழுகுகிறது என்றவர்களும் உண்டு. 1752இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், இரு முனையும் திறந்த உலோகக் குழலுக்குள் இறைச்சியை வைத்து ஒரு பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து குழலைக் கக்கியபோது உள்ளே இருந்த இறைச்சி கரைந்திருந்தது. குழலுக்குள் இருந்த இறைச்சியை இரைப்பைச் சுவர் அரைத்திருக்க முடியாது. அப்படியானால் கரைத்தது ஏதோ ஒரு நீர்!

ஸ்பல்லன்சானி இந்த இடத்திலிருந்து தொடங்கினார். கோழி, காகம், ஆடு, மாடு, குதிரை, பாம்பு, மீன், தவளை எனப் பல பிராணிகளை ஆராய்ந்தார். அந்தப் பட்டியலில் நியூட்டும் இடம் பெற்றது. தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. உணவு வைத்துத் தைத்த துணிப்பைகளைத் தாமே விழுங்கிப் பார்த்தார். 1780இல் இந்த ஆராய்ச்சிகள் நூலாக வெளிவந்தன. இரைப்பை நீர் உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குழலுக்குள்ளும் இறைச்சியைக் கரைக்கும் என்று அவர் காட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை: அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தர அவர் கண்ட வழி எளியது. குழல்களைத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு நாட்கணக்கில் நடமாடினார்!

குளிர்ந்தால் செரிமானம் தளரும். வெப்பம் ஏறினால் விரையும். மனிதருக்கு இது பெரிய செய்தியன்று. நம் வயிறு எப்போதும் 37 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இருக்கிறது. நியூட்டுக்கோ இதுவே வாழ்வும் சாவும். நீர் 10 பாகைக்குக் குளிர்ந்தால் அதன் இரைப்பை நீர் மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். வயிறு நிறைய உண்ட நியூட் திடீரெனக் குளிர்ந்த நீருக்கு மாற்றப்பட்டால், உண்டது கரையாமல் தங்கிவிடலாம். வயிறு உப்பும், சில வேளை உண்டதைக் கக்கும். இரைப்பை நீர் இறைச்சியை அழுகவிடாமல் காக்கிறது என்பதையும் ஸ்பல்லன்சானி கண்டார். அந்நீர் தளர்ந்த இடத்தில் நுண்ணுயிர்கள் கை ஓங்குகின்றன.

அப்படியானால் நீரைச் சூடாக்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் ஆபத்தே. பெரும்பாலான நியூட் இனங்களுக்கு 15 முதல் 20 பாகை வரையே ஏற்ற நிலை. 25 பாகையைத் தாண்டினால் பல இனங்கள் உண்பதை நிறுத்திவிடும். வெந்நீரில் கரையும் உயிர்வளியும் குறைவு, அழுகலும் விரைவு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தொடும்போது நியூட் உண்ண மறுத்தால் அதற்கு வயிற்றுக் கோளாறு என்று சொல்ல முடியுமா? தொட்டிதான் கோளாறு.

நீரில் ஒரு வாய், நிலத்தில் ஒரு வாய்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் புள்ளி நியூட் விந்தையான வாழ்க்கை உடையது. செவுளுடன் நீரில் பிறக்கிறது. பின்னர் செவுளை இழந்து, செந்நிறம் பூண்டு, காட்டுக்குள் ஏறிச் சில ஆண்டுகள் ஈர இலைச் சருகுகளிடையே வாழ்கிறது. பிறகு பச்சை நிறம் பெற்று மீண்டும் குளத்துக்குத் திரும்புகிறது. ஐரோப்பிய நியூட்டுகளும் இனப்பெருக்கக் காலத்தில் நீரிலும் மற்றக் காலத்தில் நிலத்திலும் வாழ்கின்றன.

இருப்பிடம் மாறும்போது உண்ணும் முறையும் மாறுகிறது. நீரில் வாழும் பருவத்தில் நியூட் வாயைச் சட்டெனத் திறந்து, நீரையும் இரையையும் ஒருசேர உறிஞ்சுகிறது. அதற்கு உதவியாக வாயின் இரு ஓரங்களிலும் தோல் மடிப்புகள் வளர்கின்றன. நிலத்துக்கு ஏறியதும் அந்த மடிப்புகள் சுருங்கிவிடுகின்றன. அப்போது அது பசையுள்ள நாக்கை நீட்டி இரையை ஒட்டி இழுக்கிறது. ஆகவே நிலப் பருவத்தில் உள்ள நியூட்டை நீருக்குள் வைத்துப் புழுவைக் காட்டினால் அது பட்டினி கிடக்கலாம். பசி இல்லாமல் அன்று. பிடிக்கும் கருவி அப்போது வேறு என்பதால்.

உறிஞ்சி உண்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தொட்டியின் அடியில் அழகுக்காகப் பரப்பிய சிறு கூழாங்கற்கள் இரையோடு சேர்ந்து உள்ளே போய்விடும். நியூட்டின் பற்கள் மிகச் சிறியவை. இரையைப் பிடித்து நிறுத்துவதே அவற்றின் முக்கிய வேலை. இரை பெரும்பாலும் முழுதாகவே விழுங்கப்படுகிறது. கல்லும் அப்படியே. அது குடலை அடைத்தால் மலம் நின்றுவிடும், வயிறு வீங்கும், உணவு வெறுக்கும். எனவேதான் அனுபவமுள்ளோர் தொட்டியில் நியூட்டின் தலையைவிடப் பெரிய கற்களையே இடுகின்றனர்; அல்லது அடிப்பகுதியை வெறுமையாக விட்டுவிடுகின்றனர்.

கண்ணா, மூக்கா?

நியூட் தன் உணவை எப்படி அறிகிறது? 1913இல் மாண்டன் கோப்லாண்ட் என்ற அமெரிக்க விலங்கியலார், புள்ளி நியூட் உணவைத் தேடுவதில் பார்வை மட்டுமன்றி, நீருக்குள்ளேயே மோப்பத்தையும் பயன்படுத்துகிறது என்று காட்டினார். அசைவது கண்ணில் படும். அசையாதது மூக்கில் படும். தொட்டி நீர் நாட்பட்டு அழுகிய நாற்றத்தில் ஊறிக் கிடந்தால் புதிய புழுவின் மணம் அதற்கு எப்படித் தெரியும்?

முப்பது ஆண்டுகள் கழித்து, 1943இல், ராஜர் ஸ்பெரி என்ற இளம் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நியூட்டின் உண்ணும் பழக்கத்தைக் கொண்டே ஒரு பெரிய கேள்விக்கு விடை கண்டார். நியூட்டின் பார்வை நரம்பை வெட்டினாலும் அது மீண்டும் வளர்ந்து பார்வை திரும்புகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு ராபர்ட் மாத்தே 1920களில் கண்டிருந்தார். ஸ்பெரி, நியூட்டின் கண்ணைக் குழியிலேயே தலைகீழாக, 180 பாகை, திருப்பி வைத்தார். புண் ஆறியது, பார்வையும் இருந்தது. ஆனால் இரையை மேலே காட்டினால் நியூட் கீழ் நோக்கிப் பாய்ந்தது. முன்னால் காட்டினால் பின்னால் திரும்பியது. எத்தனை முறை ஏமாந்தாலும் அது திருத்திக்கொள்ளவே இல்லை. கண்ணுக்கும் மூளைக்கும் இடையே உள்ள நரம்புப் பின்னல் பழக்கத்தால் அமைவதன்று, பிறவியிலேயே வகுக்கப்பட்டது என்னும் முடிவுக்கு இது வழிவகுத்தது. பிற்காலத்தில் மூளையின் இரு பாதிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஸ்பெரி 1981ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வளர்ப்போருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நியூட்டிடம் நாம் பேரம் பேச முடியாது. நாய் புதுப் பழக்கம் கற்கும். நியூட்டின் இரை பிடிக்கும் செயல் அதன் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் வழக்கத்துக்கு நாம்தான் இணங்க வேண்டும்.

உணவே கட்டளையாகும் விந்தை

1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்ஸலாட்டில்கள் பாரிசு நகருக்கு வந்து சேர்ந்தன. நியூட்டின் உறவினமான இந்தச் சலமாண்டர், வளர்ந்த பின்னும் செவுளுடன் நீரிலேயே வாழ்வது. அவற்றில் ஆறு, ஆகஸ்ட் துமெரில் என்ற விலங்கியலாரிடம் வந்தன. மறு ஆண்டே அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளுள் சில வளர்ந்து, செவுளை இழந்து, நிலவாழ் சலமாண்டர்களாக மாறி நின்றபோது துமெரில் திகைத்துப் போனார். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

விடை உணவுக் கிண்ணத்திலிருந்து வந்தது. 1912இல் குடர்னாட்ச் என்பவர் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியை உணவாகத் தந்தார். அவை வளர்வதற்கு முன்பே அவசரமாக உருமாறி, மிகச் சிறிய தவளைகளாயின. அடுத்த ஆண்டு செக் நாட்டு வில்லெம் லாவுஃபர்கர் அதே சுரப்பியை ஆக்ஸலாட்டில்களுக்கு ஊட்டினார். அவை செவுள் இழந்து நிலவாழ்வன ஆயின. 1920இல் இங்கிலாந்தில் ஜூலியன் ஹக்ஸ்லியும் இதையே செய்து காட்டினார். உருமாற்றத்துக்கான கட்டளை தைராய்டுச் சுரப்பு நீரிலிருந்து வருகிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இந்த உருமாற்றக் காலத்தில் குஞ்சுகள் உண்பதைக் குறைக்கும். சில அறவே நிறுத்தும். இதை நோய் என்று எண்ணி வலிந்து ஊட்டுவோர் கேடே செய்கின்றனர். அது போலவே நியூட் தன் தோலை உரித்து, உரித்த தோலைத் தானே விழுங்குவதும் இயல்பு. வாயிலிருந்து தொங்கும் மெல்லிய தோலைக் கண்டு குடல் வெளிவந்துவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை.

எதை உண்பது?

ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் வில்லி வோல்டர்ஸ்டார்ஃப் என்று ஒருவர் இருந்தார். பிறந்தது 1864இல், பாரிசுக்கு ஆக்ஸலாட்டில் வந்த அதே ஆண்டு. சிறு வயதிலேயே செவிப்புலன் இழந்தவர். நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர் வாழ்நாளெல்லாம் நியூட்டுகளை வளர்த்தார், பதப்படுத்திச் சேகரித்தார், வளர்ப்போருக்கான இதழ்களில் எழுதினார். அவரைப் போன்றவர்களின் தொட்டி அனுபவம்தான் பிற்கால ஆராய்ச்சிக் கூடங்களுக்கு அடிப்படை.

இன்று நாம் அறிந்தது இது. வளர்ந்த நியூட்டுக்கு மண்புழுவைப் போன்ற உணவு வேறில்லை. வயலிலும் தோட்டத்திலும் மருந்து தெளிக்காத இடத்துப் புழுவாக இருக்க வேண்டும். கொசுப்புழுவும், டாப்னியா என்னும் நீர்த்தெள்ளும் நல்லவை. சாக்கடையில் பிடித்த டியூபிபெக்ஸ் புழு மலிவு. ஆனால் சாக்கடையின் கிருமிகளையும் கொண்டுவரும். மாட்டிறைச்சியை மட்டுமே ஊட்டினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நலியும். கடினத் தோலுடைய வண்டுப்புழுக்கள் சிறு நியூட்டின் குடலில் எளிதில் செரிப்பதில்லை.

மீன் கொடுத்தால் என்ன? இதற்கு விடை ஒரு நரிப் பண்ணையிலிருந்து வந்தது. 1932இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் பச்சைக் கெண்டை மீன் தின்ற நரிகள் உடல் முடங்கி இறந்தன. கெண்டை போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பது பின்னர் தெரியவந்தது. பொன்மீன் கெண்டையின் உறவினம். அதையே நாள்தோறும் உணவாகப் பெறும் பிராணி, வயிறு நிறைந்தும் சத்தின்றி நலியும்.

குஞ்சுகளின் கதை வேறு. அவை அசையும் உயிருள்ள இரையைத்தான் பிடிக்கும். அதுவும் கடுகினும் சிறிதாக இருக்க வேண்டும். இச்சிக்கலைத் தீர்த்தது உப்புநீரில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறால். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இது உண்டு. இதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். உப்புநீரில் இட்டால் ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். 1933இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆல்வின் சீல் இதை மீன் குஞ்சுகளுக்கு ஏற்ற உணவு என்று எழுதினார். இன்று உலகெங்கும் சலமாண்டர்க் குஞ்சுகளுக்கும் இதுவே தாய்ப்பால். 1957இல் ரூபஸ் ஹம்ஃப்ரி இந்தியானா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்த ஆக்ஸலாட்டில் பண்ணை, 2005இல் கென்டக்கிக்கு மாறி இன்றும் தழைப்பதற்கு இச்சிற்றுயிர் பெருந்துணை.

நன்றாக உணவூட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று. கோரோ எகுச்சியும் உடனிருந்தோரும் நியூட்டுகளின் விழி லென்சை நீக்கி, அது மீண்டும் வளர்ந்ததும் மறுபடி நீக்கினர். 16 ஆண்டுகளில் 18 முறை! 2011இல் வெளியான முடிவு, கடைசி லென்சும் இளமைக் குறையாதது என்றது. அப்போது அந்த நியூட்டுகளுக்குக் குறைந்தது 30 வயது என மதிப்பிட்டனர். அத்தனை ஆண்டுகளும் யாரோ ஒருவர் தவறாமல் உணவிட்டு, நீர் மாற்றி வந்ததால்தான் அந்த ஆராய்ச்சி நிறைவேறிற்று.

தொட்டியிலிருந்து காட்டுக்கு

உணவு மறுப்புக்கு உண்மையிலேயே நோய் காரணமாவதும் உண்டு. 2010 முதல் நெதர்லாந்தின் தென்பகுதிக் காடுகளில் தீச்சலமாண்டர்கள் இறந்து விழத் தொடங்கின. சில ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கே எஞ்சின. தோலை அரிக்கும் ஒரு பூசணமே காரணம் என 2013இல் பெல்ஜிய, டச்சு ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். சோர்வு, உணவு வெறுப்பு, தோல் புண், பிறகு சாவு. ஆசிய நியூட்டுகளின் உடலில் இது நெடுங்காலமாக இருந்து வருவது. அவற்றுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழியே அது ஐரோப்பாவை அடைந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு கருதியது. 2016இல் அமெரிக்கா 201 சலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது.

ஆகவே தொட்டி நீரைக் கால்வாயில் ஊற்றுவதும், வளர்க்க இயலாத நியூட்டைக் குளத்தில் விடுவதும் சிறு பிழையல்ல.

வோல்டர்ஸ்டார்ஃப் 1943இல் இறந்தார். 1945 சனவரியில் நடந்த குண்டுவீச்சில் அவருடைய சேகரிப்பு அழிந்தது. அவர் பெயரால் 1905இல் பெயரிடப்பட்ட ஒரு நியூட் இனம் சீனாவின் குன்மிங் நகரை அடுத்த ஏரியில் வாழ்ந்து வந்தது. ஏரி மாசுபட்டது, கரையோரச் சதுப்புகள் தூர்க்கப்பட்டன, வெளியிலிருந்து மீன்களும் தவளைகளும் கொண்டுவந்து விடப்பட்டன. 1979க்குப் பிறகு அந்த நியூட்டை யாரும் காணவில்லை. ஓர் ஏரி முழுவதும் கோளாறான தொட்டி ஆகிவிட்டால் அங்கே வாழ்வதற்கு எதுவும் எஞ்சாது.

இனி நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். உங்கள் எதிரே உள்ள நியூட் பத்து நாளாக உண்ணவில்லை. வாயை விரித்து ஊட்டும் முன் நீரில் வெப்பமானியை வையுங்கள். நீரை முகர்ந்து பாருங்கள். அடியில் சிறு கற்கள் உண்டா, மலம் வெளியேறுகிறதா, தோல் உரிக்கிறதா, நீரை விட்டு ஏற முயல்கிறதா எனக் கவனியுங்கள். புதிதாக இடம் மாறிய நியூட் சில நாள் உண்ணாதிருப்பதும் இயல்பே. இவை எல்லாம் சரியாக இருந்தும் வயிறு வீங்கியோ, உடல் மெலிந்தோ, தோலில் புண் கண்டோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். இந்தப் பிராணியின் வயிறு நம் கோடையைத் தாங்காது. டார்ஜிலிங் மலைச் சரிவில் பருவமழை பெய்ததும் ஆழமில்லாத குட்டைகளுக்கு இறங்கிவரும் இமாலய நியூட்டைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், கரையில் அமர்ந்து பாருங்கள். 2015இல்தான் அது தனி இனமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அதற்கு நாம் புழு இட வேண்டியதில்லை. குளிர்ந்த நீரும், கரையோரச் செடியும், குடியிருக்கக் குட்டையும் இருந்தால் போதும். அது தானே உண்ணும்.